ஆரின் கெஸ்லர் கேட்ட கேள்வி

எங்கள் டன்லோ மாவட்டத்தில் ஆரின் கெஸ்லர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாட்டை விற்கும்போது அதன் சொத்தைக் குளம்பையும் தூக்கிக் காட்டித்தான் விற்பார். ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அவன் வீட்டில் சாப்பிட உட்காருவார். இருபத்தாறு வருஷம் எங்கள் சார்பில் வயோமிங் மாநிலச் சட்டசபையில் இருந்தார். அத்தனை வருஷத்தையும் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை அவர் இங்காவின் அம்மாவிடம் கேட்டார். இங்காவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

அவருக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா. ஹியூகோ கெஸ்லர் மழையை நம்பி மேட்டு நிலத்தில் கோதுமை விதைத்தவர். மூன்று வருஷம் அவர் விதைத்தார். மூன்று வருஷமும் காற்றுதான் அறுத்துக்கொண்டு போனது. நான்காம் வருஷம் பதினொரு வயது ஆரினைக் குதிரையில் முன்னால் உட்காரவைத்து, ஆற்றங்கரையில் இருந்த ஒரு பெரிய மாட்டுப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். பதினெட்டு வயது வரை பையன் அங்கே வேலை செய்ய வேண்டும். பதிலுக்கு ஹியூகோவுக்கு ஒரு ஜோடி உழவுக் குதிரை. பேச்சு முடிந்ததும் மேஸ்திரிக்கும் கூலியாட்களுக்கும் முன்னால் மகனைத் திருப்பி நிறுத்தினார்.

“சமாளிச்சுக்குவியாடா?”

சுற்றிலும் வளர்ந்த ஆண்கள் புகையிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் “சமாளிச்சுக்குவேன்” என்றான். அப்பா குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போனவர் போனவர்தான். அந்தக் குளிர்காலத்தில் பையனின் இரண்டு கால்விரல்கள் பனியில் கறுத்துவிட்டன. மேஸ்திரி அவற்றைக் கொட்டிலில் ஒரு கட்டை மேல் வைத்து வெட்டினார். வெட்டும் முன் அவரும் அதையேதான் கேட்டார். பையனும் அதையேதான் சொன்னான்.

இதைப் பெரியவரான பிறகு கெஸ்லர் சிரித்துக்கொண்டே சொல்வார். “முடியாதுன்னு சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனா நாலு பேரு பாத்துட்டு நின்னா, அந்த ஒரு வார்த்தை எவனுக்கும் வாயில வராது. எங்கப்பன் கெட்டிக்காரன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் மழை பொய்த்தது. புல் வேரோடு காய்ந்தது. நிற்கக்கூடத் தெம்பில்லாத மாடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கி, பள்ளம் வெட்டி, சுட்டுப் புதைக்க உத்தரவிட்டது. சுடுவதற்கு ஆள் வேண்டும். தங்கள் ஊர் மாட்டைத் தாங்களே சுட யாரும் முன்வரவில்லை. கெஸ்லர் போனார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

துப்பாக்கியோடு போய் நின்றதும் அவர் உடனே சுட்டுவிட மாட்டார். வீட்டுக்காரனை வெளியே கூப்பிடுவார். மனைவியும் பிள்ளைகளும் வாசற்படியில் வந்து நிற்கும் வரை காத்திருப்பார். பிறகு, “நீயே பாத்துக்கறியா, இல்ல நான் சுடட்டுமா?” என்று துப்பாக்கியை நீட்டுவார். பிள்ளைகள் பார்க்கும்போது எந்தத் தகப்பன் மாட்டேன் என்பான்? ஹோபர்ட் டீக் என்ற ஒருவர் தன் பால்மாட்டை மூன்று குண்டு வைத்துத்தான் கொன்றார். முதல் இரண்டும் தாடையிலும் தோளிலும் பட்டன. மாடு அவரைப் பார்த்துக்கொண்டே முட்டி போட்டது. கெஸ்லர் உதவிக்குப் போகவில்லை. வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“அவனவன் மாட்டை அவனவன் சுட்டாத்தான் மரியாதை” என்றார் பிறகு. டீக் அதற்கு அவருக்கு நன்றி சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

ஆட்கள் பண்ணையை விட்டுவிட்டு ஓடிய அந்த வருஷங்களில் கெஸ்லர் தங்கினார். விட்டுப்போன நிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தபால் அலுவலகக்காரரின் மகள் ஓபலைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. நாற்பது வயதில் அவருடைய மாடுகள் ஸ்டோன் ஓடையிலிருந்து ரயில் பாதை வரை மேய்ந்தன. அடையாளச் சூடு போடும் நாளில் அவரே மண்டியிட்டுக் கன்றின் கழுத்தை அமுக்குவார். வேலைக்காரனோடு சேர்ந்து ஒரே சட்டியில் பீன்ஸ் சாப்பிடுவார். அதனால் ஊருக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவர் நிலத்துக்கு வடக்கே ஒன்பது மைல் தள்ளி நீல்ஸ் ஆகார்டின் பண்ணை. நீல்ஸ் டென்மார்க்கிலிருந்து வந்த குடும்பம். அதிகம் பேசாத, மெதுவான மனுஷன். அவர் மனைவி டோரா அதற்கு நேர்மாறு. எங்கள் பக்கத்து நடன விருந்துகளில் கடைசியாக ஓய்வது அவள் கால்கள்தான். பிரசவ வலியோடு பால் கறந்து முடித்துவிட்டுத்தான் போய்ப் படுத்தாள் என்று அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பிரசவத்தில் பிறந்தவள் இங்கா.

நாற்பத்தொன்பது ஜனவரியில் அடித்த பனிப்புயலை எங்கள் மாநிலத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்தால் மறுபடி அடித்தது. வேலிகள் மறைந்தன. மாடுகளின் மூச்சு அவற்றின் மூக்கிலேயே பனிக்கட்டியாக உறைந்து, அவை நின்ற இடத்திலேயே மூச்சுமுட்டிச் செத்தன. பனி இறுகிய பிறகு அதன் மேல் நடந்து போனால் காலடியில் கொம்பு தட்டுப்படும்.

பாதைகளைத் திறக்க ராணுவம் எங்கள் பக்கத்துக்கு ஒரு புல்டோசரை அனுப்பியது. எந்தப் பாதையை முதலில் திறப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை மாவட்டம் கெஸ்லரிடம் கொடுத்தது. அவர் வீட்டுச் சமையலறையில் ராணுவத்தின் ரேடியோப் பெட்டி ஒன்று உட்கார்ந்தது. ஊருக்குப் போகும் டெலிபோன் கம்பி அறுந்துவிட்டதால், டாக்டரிடமோ அதிகாரிகளிடமோ பேச அது ஒன்றுதான் வழி. பண்ணைகளுக்கு இடையே மட்டும் டெலிபோன் வேலை செய்தது. அப்போதெல்லாம் பதினோரு பண்ணைக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் பதினோரு வீட்டிலும் அடிக்கும். எடுத்தவர்கள் எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். பனியில் அடைபட்டுக் கிடந்த அந்த வாரங்களில் எல்லாரும் எடுத்தார்கள்.

அன்று காலை நீல்ஸ் கூப்பிட்டார்.

“ஆரின், டோராவுக்கு வயித்துல வலி. வலது பக்கம். ரெண்டு நாளா ஒண்ணும் தங்கல. காய்ச்சல் கொதிக்குது. மிஷினை இந்தப் பக்கம் அனுப்ப முடியுமா?”

“இரு. டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்” என்றார் கெஸ்லர்.

ரேடியோவில் டாக்டர் புரூயிட்டைப் பிடித்தார். டாக்டர் அடையாளங்களைக் கேட்டுவிட்டுச் சொன்னதை, அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற ஓபலும், மேஜையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த புல்டோசர் ஓட்டும் சிப்பாயும் கேட்டார்கள்.

“குடல்வால்தான். இன்னிக்கே கொண்டு வந்துடுங்க. அது உள்ள வெடிச்சுட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க.”

கெஸ்லர் பெட்டியை அணைத்தார். தெற்கே ஸ்டோன் ஓடையில் ஆறு பண்ணைகளின் மாடுகள் பனிச்சுவருக்குள் மாட்டிக்கொண்டு தீனியில்லாமல் நின்றன. ஒன்றின் வாலை ஒன்று கடித்துத் தின்னத் தொடங்கிவிட்டன என்று முதல் நாள்தான் செய்தி வந்திருந்தது. அவற்றில் கெஸ்லரின் மாடுகளும் உண்டு, என் அப்பாவின் மாடுகளும் உண்டு, டோராவின் அண்ணன் வெர்ன் ரால்ஸ்டனின் மாடுகளும் உண்டு.

“எந்தப் பக்கம் போகணும், சார்?” என்று கேட்டான் சிப்பாய்.

கெஸ்லர் பதில் சொல்லாமல் டெலிபோன் கைப்பிடியைச் சுழற்றினார். நீல்ஸ் எடுத்தார்.

“டோராவை வரச் சொல்லு.”

“அவளால எழுந்திருக்க முடியல, ஆரின்.”

“அவகிட்டதான் பேசணும்.”

நீல்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். கம்பி முழுக்க மூச்சுச் சத்தம். வெர்னுக்கு ஆஸ்துமா, அவன் இளைப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது.

“டோரா, கேளும்மா. ஓடையில ஆறு வீட்டு மாடு நிக்குது. உங்கண்ணனோடதும்தான். இன்னிக்குத் தீனி போகலைன்னா நாளைக்குப் புதைக்கத்தான் போகணும். மிஷின் ஒண்ணுதான் இருக்கு. அங்க போயிட்டு நாளைக்கு உங்கிட்ட வரேன். அதுவரைக்கும் சமாளிச்சுக்குவியா?”

டாக்டர் சொன்னதை அவர் சொல்லவில்லை.

 அத்தனை வீடும் காதை வைத்துக்கொண்டு நின்றது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “முதல்ல அவ வீட்டுக்குப் போங்க ஆரின்” என்று சொல்லியிருக்கலாம்.

“சமாளிச்சுக்கறேன்” என்றாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். “மாட்டைப் பாருங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?”

“நல்ல பொண்ணு” என்று சொல்லி வைத்தார் கெஸ்லர். சிப்பாயைப் பார்த்து, “தெற்கே” என்றார்.

ஓபல் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேலேயே போட்டுவிட்டார். “டாக்டர் சொன்னதை ஏன் சொல்லல?”

“சொன்னா பயந்துடுவா. பயந்தா வான்னுடுவா.”

அன்று மத்தியானத்துக்குள் நீல்ஸ் இரண்டு குதிரைகளைச் சறுக்கு வண்டியில் பூட்டி, டோராவைப் போர்வையில் சுற்றி, இங்காவையும் பக்கத்தில் கிடத்திக் கிளம்பினார். ஒரு மைல்கூடத் தாண்டவில்லை. ஒரு குதிரை வயிறளவு பனியில் இறங்கிக் காலை ஒடித்துக்கொண்டது. அதை அங்கேயே சுட்டார். இன்னொன்று மிரண்டு வண்டியைக் கவிழ்த்தது. மனைவியை முதுகில் சுமந்து, மகளை இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். சாயங்காலம் டோரா வலி நின்றுவிட்டது என்றாள். குடல்வால் வெடித்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. நீல்ஸ் கடவுளுக்கு நன்றி சொன்னார். விடிவதற்குள் அவள் செத்துவிட்டாள்.

மறுநாள் சொன்ன சொல் தவறாமல் புல்டோசர் வந்தது. கெஸ்லர் அதன் மேல் உட்கார்ந்து தானே வந்திருந்தார். இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். நீல்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.  சடலத்தைப் பலகையில் கட்டி மிஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இங்காவுக்கு அப்போது நான்கரை வயது. கெஸ்லர் தன் கோட்டைத் திறந்து, அவளை உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் அவர் நெஞ்சுச் சூட்டில் அவள் தூங்கினாள். அம்மா செத்த நாளைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்தது அந்தச் சூடு மட்டும்தான்.

ஓடையில் முக்கால்வாசி மாடு பிழைத்தது. நீல்ஸின் மாடுகள் அங்கே இல்லை. வடக்கே, யாரும் திறக்காத பக்கத்தில் இருந்தன. பனி உருகியபோது வேலியோரம் வரிசையாக நின்றபடியே செத்திருந்தன. மாடு இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கெஸ்லர் நியாயமான விலை சொன்னார். எல்லாரும் அது நியாயம் என்றார்கள். கூடவே வேலையும் கொடுத்தார்: “நிலத்தை உன்னைவிட யாரு நல்லா பாத்துக்கப் போறா? குழந்தையை ஓபல் பாத்துக்குவா.” நீல்ஸ் தன் நிலத்திலேயே கூலிக்காரராகச் சேர்ந்தார்.

தீவனக் கடையில் இளவட்டங்கள் அவரை விடவில்லை. “என்ன நீல்ஸ், வேலி எங்க இருக்குன்னு தெரியுமா? முதலாளிகிட்டக் கேட்டுச் சொல்லட்டா?” அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த வருஷம் கெஸ்லர் சட்டசபைக்கு நின்றார். சந்தைத் திடலில் ஒரு முழுக் காளையைச் சுட்டு விருந்து வைத்தார். அவர் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து வெர்ன் ரால்ஸ்டன் எழுந்தான். குடித்திருந்தான்.

“எல்லாத்தையும் பேசினே, ஆரின். என் தங்கச்சியைப் பத்திப் பேசலையே?”

திடல் அடங்கியது. கெஸ்லர் அவசரப்படவில்லை.

“பேசறேன். அவகிட்ட நான் கேட்டேன். சமாளிச்சுக்கறேன்னா. இங்க பாதிப் பேரு அதைக் கேட்டீங்க. நீயும்தான் கேட்டே, வெர்ன். உன் இளைப்பு எனக்குக் கேட்டுச்சு. ஓடையில உன் மாடு நின்னுச்சு. என் மாட்டை விட்டுட்டு என் தங்கச்சிகிட்டப் போன்னு நீ ஏன் சொல்லல? சொல்லியிருந்தா போயிருப்பேன்.”

வெர்ன் வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது. அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“நான் மாட்டுக்கிட்டதான் போனேன்” என்றார் கெஸ்லர் கூட்டத்தைப் பார்த்து. “ஒளிக்கலை. மறுபடி அப்படி வந்தா மறுபடியும் போவேன். அது வேணாங்கறவங்க வேற ஆளுக்கு ஓட்டுப் போடுங்க.”

அவர் ஜெயித்த வித்தியாசத்தில் எங்கள் மாவட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் ஜெயித்ததில்லை. எதிரே நின்ற நல்ல மனுஷருக்கு அவர் சொந்தச் சர்ச்சுக்காரர்களே ஓட்டுப் போடவில்லை. தப்பு செய்தவர்கள் எல்லாரையும் ஒரே பேச்சில் தன்னோடு சேர்த்துக் கட்டிவிட்டார் கெஸ்லர். அவர் கெட்டவர் என்றால் கேட்டுக்கொண்டு நின்றவர்களும் கெட்டவர்கள். அதைவிட அவருக்கு ஓட்டுப் போடுவது சுலபம். வெர்ன் அந்த இலையுதிர்காலத்திலேயே மாட்டை விற்றுவிட்டு ஆரெகன் பக்கம் போனான்.

தலைநகர் செயெனில் அவர் அதிகம் பேசும் ஆள் இல்லை. ஆனால் ஒரு மசோதாவைக் கொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முறை, தூரத்துப் பண்ணைப் பகுதிகளுக்கு ஆம்புலன்ஸும் சின்ன ஆஸ்பத்திரிகளும் வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. மலைப் பகுதியில் தனியாக வேலை பார்த்த ஹோப்வுட் என்ற நர்ஸ் சாட்சி சொல்ல வந்திருந்தார். முப்பது வருஷமாகக் குதிரையிலும் ஜீப்பிலும் போய்ப் பிரசவம் பார்த்தவர். கெஸ்லர் எழுந்து நின்று தலை வணங்கினார்.

“அம்மா, உங்களைப் பத்தி எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. ஒண்ணுமே இல்லாத இடத்துல முப்பது வருஷமாச் சமாளிச்சுட்டு வரீங்க. நிஜந்தானே?”

“சமாளிச்சுட்டுதான் வரோம்” என்றார் நர்ஸ், நிமிர்ந்து.

“இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்க முடியாதுன்னு சொல்வீங்களா?”

அவர் முகம் சிவந்தது. சபை நிரம்பியிருந்தது, பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். “முடியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லைங்க.”

“அவ்வளவுதான்” என்று உட்கார்ந்தார் கெஸ்லர். மசோதா விழுந்தது. நர்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தன் வாயாலேயே தோற்றவர்களுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது. அறுபதுகளில் அவர் மேல்சபைக்குப் போனார். மூன்று கவர்னர்கள் அவர் வீட்டில் வந்து சாப்பிட்டார்கள்.

இங்கா அவர் வீட்டில் வளர்ந்தாள். பகலில் மட்டும் என்று தொடங்கியது. பள்ளிக்குப் பக்கம் என்று வாரம் முழுக்க ஆனது. அவளுக்குக் குதிரை ஏறச் சொல்லிக்கொடுத்தது, கயிறு வீசச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் ஆரின் அங்கிள். அவருக்கு அவள் மேல் இருந்த பாசம் நிஜம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் நடிக்கத் தெரியாதவர். நீல்ஸ் கூலிக்காரர்களின் குடிசையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு பெரிய வீட்டு வாசலில் வந்து நிற்பார், மகளைப் பார்க்க.

இங்காவுக்குப் பதினாறு வயதானபோது தேர்தல் வந்தது. கொட்டிலில் கெஸ்லரின் பெயரைப் பெரிய துணியில் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் வாங்கி வந்த வேலைக்காரப் பையன் கதவோரம் நின்றான். நீல்ஸ் உள்ளே வந்தார்.

“இதை எழுதாதம்மா.”

“ஏன்ப்பா?”

அவர் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வலி, டெலிபோன், சுவரோரம் பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாம் சொன்னார். இங்கா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும்ப்பா. எனக்குப் பத்து வயசு இருக்கும்போதே அங்கிள் சொல்லிட்டாரு. அவரு அம்மாவைக் கேட்டாரு. அம்மா முடியும்னாங்க. அவராவது கேட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க என்ன செஞ்சீங்க? டெலிபோன் உங்க கையில இருந்துச்சு. அதைப் பிடுங்கி, அவளால முடியாதுடான்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே?”

நீல்ஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிபட்ட எருது விழுவதற்கு முன் அப்படித்தான் நிற்கும். பிறகு, “ஆமா” என்றார். “கத்தியிருக்கலாம்.”

அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மாட்டுச் சந்தையில் பட்டி கழுவும் வேலை கிடைத்தது. இங்காவுக்கு இருபத்தொரு வயதானபோது கெஸ்லர் பழைய ஆகார்ட் பண்ணையை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார், பிறந்தநாள் பரிசாக. அவள் அப்பாவைக் கூப்பிடப் போனாள். “நம்ம வீடுப்பா. வாங்க.” நீல்ஸ், தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே, “அது அவரு குடுத்த வீடு” என்றார்.

எழுபத்தொன்றில் ஒரு காளை நீல்ஸைப் பட்டிக் கதவோடு வைத்து நசுக்கியது. உயிர் உடனே போகவில்லை. இங்கா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

“ரோடெல்லாம் பனியாச்சே. யாரு கூட்டிட்டு வந்தா?”

“ஆரின் அங்கிள்தான். வெளியில நிக்கிறாரு.”

அவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் மகளிடம் பேசவே இல்லை. அடக்கத்தில் கெஸ்லர் பேசினார். நீல்ஸ் ஆகார்டைவிட உண்மையான வேலைக்காரன் தனக்கு அமைந்ததில்லை என்றார். அதுவும் பொய்யில்லை.

எழுபத்தொன்பதில் ஓபலுக்கு ஈரலில் புற்று. இங்காதான் உடனிருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் கஞ்சி ஊட்ட வந்தபோது ஓபல் கிண்ணத்தைத் தள்ளினார்.

“டாக்டர் அன்னிக்குக் காலையில சொன்னாரு, இங்கா. இன்னிக்கே கொண்டு வரலைன்னா செத்துடுவான்னு. ரேடியோவுல. நான் அடுப்புக்கிட்ட நின்னேன். அதுக்கப்புறம்தான் அவர் உங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாரு.”

இங்கா கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றாள். “அம்மாவுக்கு அது தெரியாதா?”

“யாரு சொன்னா தெரியறதுக்கு? நானும் சொல்லல. உன்னை வளத்தா கழிஞ்சுடும்னு நினைச்சேன். கழியல.”

இங்கா நேராகக் கொட்டிலுக்குப் போனாள். கெஸ்லருக்கு அப்போது எழுபத்தொரு வயது. இடுப்பு விழுந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் கேட்டாள்.

“ஆமா” என்றார். “சொன்னாரு.”

“எங்கம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா வான்னு சொல்லியிருப்பா. போக வேண்டியிருந்திருக்கும்.”

“எங்கப்பாகிட்ட நான் என்ன சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். அந்தப் பையன் வந்து சொன்னான்.” பையன் என்றது என்னை அல்ல, அன்று பெயிண்ட் வாங்கி வந்த அந்த வேலைக்காரனை. “பாவமா இருந்துச்சு. ஆனா நீ என்கிட்ட எதுவும் கேக்கலையேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவள் எண்ணெய்த் துணியை அவர் கையிலிருந்து வாங்கி மூலையில் வீசினாள். வேறொன்றும் அவளால் செய்ய முடியவில்லை.

ஓபல் போய்ச் சேர்ந்த மறு வருஷம், நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே ஆகார்ட் பண்ணைப் பக்கம் போகும் பாதைக்குத் தார் போட்டார்கள். அதற்குக் கெஸ்லர் பெயரை வைக்க மாவட்டம் முடிவு செய்தது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் சொல்லி முடியாது. இங்கா மேடைக்கு நடந்து போய் மைக்கைப் பிடித்தாள். வளர்ப்பு மகள் வாழ்த்திப் பேசப் போகிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள் வாழ்த்தவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள், அது மறைக்கப்பட்டதைச் சொன்னாள். “அவரு கேள்வி கேக்கல. ஏற்கெனவே தீர்ப்பு எழுதிட்டு எங்கம்மாகிட்டக் கையெழுத்து வாங்கினாரு. நீங்க எல்லாரும் சாட்சி” என்றாள்.

முன்வரிசையில் ஒரு கிழவி, “வயசான மனுஷனை, அதுவும் இன்னிக்கு...” என்றாள். “சோறு போட்டு வளத்தாரே!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “நிலத்தையும் வாங்கிக்கிட்டு!” என்று இன்னொருவன். யாரோ மைக்கின் மின்கம்பியைப் பிடுங்கினார்கள்.

அப்போது கெஸ்லர் கையைத் தூக்கினார். கூட்டம் அடங்கியது. நாற்காலியிலிருந்தபடியே, மைக் இல்லாமல், தெளிவாகச் சொன்னார்:

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.”

 பிறகு ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டமே எழுந்து நின்றது. எவ்வளவு நேர்மையான மனுஷன், இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். என் அப்பாவும் எழுந்து நின்று தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. இங்கா மேடையிலேயே நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை. கெஸ்லர் மட்டும் பார்த்தார், இரக்கத்தோடுதான் பார்த்தார்.

அவர் இன்னும் ஆறு வருஷம் இருந்து, வலியில்லாமல், மத்தியானத் தூக்கத்தில் போனார். கவர்னர் வந்தார். மாநிலக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது.

இங்கா எங்கும் போகவில்லை. விழாவுக்குப் பிறகு சூடு போடும் நாளில் அவளுக்கு உதவ அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தீவனக் கடையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அப்பாவின் நிலத்தில் தனியாக மாடு வளர்க்கிறாள். வருஷத்துக்கொரு முறை நான் அவளுக்குக் கடிதம் போடுகிறேன். உறையில் அவள் பெயருக்குக் கீழே ‘ஆரின் கெஸ்லர் சாலை’ என்று எழுதினால்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும்.